வலிப்புத் தாங்குதிறன்: ஒரு சொல்லா, இரண்டா?

சேலத்திலிருந்து

வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலில் ‘வலிப்புத் தாங்குதிறன்’ என்ற சொல் இரண்டு வேறு கருத்துகளுக்கு நிற்கிறது. எலிக்குட்டி ஆய்வுகளைத் தமிழில் எழுதினால் முதல் பத்தியிலேயே அது முரண்படும்.

வலிப்பைத் தூண்டும் கைனிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வலிப்பு வர, வளர்ந்த எலிக்கு வயிற்றறை ஊசியில் கிலோவுக்கு 10–12 மி.கி. தேவைப்படும், இரண்டாம் வாரக் குட்டிக்கு 2–3 மி.கி. போதும். ஆனால் அதன் பிறகு மூளையைச் சீவிப் பார்த்தால், வளர்ந்த எலியில் நினைவுக்கான மூளைப்பகுதியான ஹிப்போகாம்பஸின் சிஏ3 பகுதி நரம்பணுக்கள் செத்துக் கிடக்கும். குட்டியில் அந்த இழப்பு மிகக் குறைவு. குட்டியின் தாங்குதிறன் குறைவா, அதிகமா? இரண்டும் சரி என்பதால்தான் ஒரே சொல் உதவாது.

மிக இளங்குட்டிக்கு வலிப்பு எளிதில் வருவதற்கு ஒரு காரணம் காபா. முதிர்ந்த நரம்பணுவை அடக்கும் இந்த வேதிப்பொருள், பிறந்த முதல் வாரத்தில் அதைத் தூண்டவே செய்யும்: குளோரைடை வெளியேற்றும் கேசிசி2 புரதம் அப்போது போதாது, உள்ளே இழுக்கும் என்கேசிசி1 மிகுதி.

என் முன்மொழிவு: வலிப்பை வரவைக்கும் மருந்தளவுக்கு ‘வலிப்புத் தொடக்க அளவு’, அணுச்சாவைத் தாங்குவதற்கு ‘சிதைவு எதிர்ப்பு’.

ஏற்காட்டிலிருந்து

வணக்கம் ஐயா. இரண்டாகப் பிரிப்பது மிகவும் தேவை. ஆனால் மருந்தியலில் ‘தொடக்க அளவு’ என்றால் முதலில் கொடுக்கும் டோஸ் என்றே படிப்பார்கள். கணக்கில் வேரூன்றிய ‘சிறுமம்’ இருக்கிறது. ‘வலிப்புச் சிறுமம்’ என்போம். மருந்துக்கும் பொருந்தும், மின்தூண்டலுக்கும் பொருந்தும்.

‘சிதைவு எதிர்ப்பு’ என்பது மிகைப்படுத்தும். லித்தியமும் பைலோகார்பைனும் கொடுத்து வலிப்பை வரவைக்கும் முறையில் இரண்டு வாரக் குட்டியிலும் சிஏ1 பகுதியில் சேதம் பதிவாகியிருக்கிறது. அணு சாகாத இடத்திலும் பின்னாளில் கற்றல் குறையலாம். ‘நரம்பணுத் தாங்குதிறன்’ என்றால் எது தாங்குகிறது என்பது தெளிவாக நிற்கும்.

சிறுமத்தை வரையறுக்கும் குறிப்பில் மூன்று செய்தி கட்டாயம் வேண்டும். ஒன்று வெப்பம். குட்டியால் உடல்வெப்பத்தைக் காக்க முடியாது. தாயைப் பிரித்ததும் குளிர்ந்துவிடும், குளிர்ச்சி வலிப்பை அடக்கும். மார்கழியில் இந்த மலையில் எடுக்கும் அளவும் சித்திரையில் சேலத்தில் எடுக்கும் அளவும் ஒத்துவர வேண்டுமானால், கூட்டை 33–34 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். அடுத்தது கரைசல். 20 கிராம் குட்டிக்குக் கிலோவுக்கு 2 மி.கி. என்றால் 40 மைக்ரோகிராம்தான், மி.லி.க்கு 1 மி.கி. கரைசலில் அது 0.04 மி.லி., சாதாரண சிரிஞ்சில் துல்லியமாக அளப்பது கடினம். மி.லி.க்கு 0.2 மி.கி. ஆக நீர்க்கச் செய்தால் 0.2 மி.லி. வரும். ஊசியை உடனே உருவினால் துளை வழியே கசியும், சிறுமம் பொய்யாக உயரும். கடைசியாக வயது: பிறந்த நாளை 0 என எண்ணினோமா, 1 என எண்ணினோமா என்று எழுதாவிட்டால் ஒப்பிட இயலாது.

வலிப்பின் கடுமையை அளக்கும் ராசின் நிலைகளைக் குட்டிகளுக்கு அப்படியே பயன்படுத்தலாமா?

சேலத்திலிருந்து

கூடாது. 1972இல் வந்த அந்த அளவுகோல் வளர்ந்த எலிக்கானது. நான்காம் நிலையில் பின்காலில் எழுந்து நிற்க வேண்டும். இளங்குட்டி சொறியும், நீந்துவது போல் கால்களை அசைக்கும், விறைக்கும். தனிப் பெயர்கள் தேவை: ‘சொறிவலிப்பு’, ‘நீச்சலசைவு’, ‘விறைப்பு’. ‘வலிப்புச் சிறுமம்’, ‘நரம்பணுத் தாங்குதிறன்’ இரண்டும் எனக்கு முழுச் சம்மதம். பழைய சொல்லை நீக்கிவிடலாம்.