அத்தையின் கையும் கரண்ட் பெட்டியும்

அத்தை: இன்று பிசியோவில் கையில் நாலு பட்டை ஒட்டிக் கரண்ட் வைத்தார்கள். எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. கட்டுப் பிரித்து எட்டு மாதத்தில் முதல் தடவையாக ஒரு மணி நேரம் எரிச்சல் அடங்கியது. பெட்டியை வீட்டுக்கே வாங்கிவிடட்டுமா கண்ணு?

நான்: ஷாக் அடிக்காதா அத்தை?

சித்தப்பா: ரோமாபுரியில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற வைத்தியர், கவுட் என்ற மூட்டு வலிக்கு உயிருள்ள மின் திருக்கை மீன்மேல் காலை வைக்கச் சொன்னாராம். முழங்கால் வரை மரத்துப்போகும்வரை! இது தேவலை.

அக்கா: அது டென்ஸ் மெஷின் அத்தை, தோல் வழியாக லேசாகக் கரண்ட் விட்டு வலியை அடக்குகிற பெட்டி. வாங்கலாம். ஆனால் நரம்பைச் சரிசெய்யாது.

அத்தை: அப்புறம் எப்படி வலி குறைந்தது?

அக்கா: எங்கேயாவது இடித்துக்கொண்டால் உடனே தேய்த்துவிடுகிறோமே, அதே கதைதான். தொடுகையைச் சொல்லும் தடித்த நரம்பு இழைகள் முந்திக்கொண்டால், தண்டுவடத்தில் வலிக்குக் கதவு பாதி சாத்திவிடும். மெல்சாக், வால் என்ற இரண்டு வலி ஆராய்ச்சியாளர்கள் 1965இல் சொன்ன கணக்கு. விநாடிக்கு 80, 100 துடிப்பு வைப்பது அந்த இழைகளை எழுப்பத்தான்.

அத்தை: போர்வை பட்டாலே எரிகிற இடத்திலேயே ஒட்டலாமா?

அக்கா: ஐயோ, வேண்டாம். அங்கே தொடுவதே வலியாகத்தான் தெரியும். அதற்கு மேலே, முழங்கைப் பக்கம், தொட்டால் சாதாரணமாக இருக்கிற இடத்தில் ஒட்டுங்கள். மரத்த இடத்திலும் கூடாது, தோல் புண்ணானாலும் தெரியாது. கிரீம் தடவியிருந்தால் கழுவிவிட்டு ஒட்டணும்.

அத்தை: கூட்டி வைத்தால் சீக்கிரம் கேட்குமா?

அக்கா: நன்றாகத் தெரியணும், வலிக்கக் கூடாது. தினமும் ஒரே அளவென்றால் உடம்பு பழகிவிடும், மாற்றி மாற்றி வையுங்கள். ஒளிக்காமல் சொல்கிறேன், ஆய்வுகள் ஒரே மாதிரி பேசவில்லை. வலியே நோயாகிவிட்ட நாள்பட்ட வலிக்கு இதைத் தர வேண்டாம் என்றே 2021இல் இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டி எழுதும் நைஸ் அமைப்பு எழுதியது. சிலருக்குக் கேட்கிறது, அவ்வளவுதான். சரி, எரிச்சல் அடங்கிய அந்த ஒரு மணி நேரம் என்ன செய்தீர்கள்?

அத்தை: தூங்கிவிட்டேன்.

அக்கா: அத்தை!! அப்போதுதானே விரலை மடக்கி நீட்டணும்? கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் இன்னும் விறைக்கும்.

சித்தப்பா: வாங்கியதும் இரண்டு நாள் எனக்குக் கொடும்மா, முழங்காலுக்கு.

அக்கா: நெஞ்சில் பேஸ்மேக்கரை வைத்துக்கொண்டா? இதய டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

சித்தப்பா: அப்போ மீன்?

அக்கா: மீனும் கரண்ட்தான் சித்தப்பா.

அத்தை: இப்போது மடக்கிப் பார்த்தேன். கட்டைவிரல் மோதிர விரல் வரை வருகிறது. சுண்டுவிரலுக்கு இன்னும் ஒரு விரற்கடை இருக்கிறது.