செக்யூரிட்டி ஆட்களும் ஏஐ ஆட்களும் ஒரே மேசையில்: உங்கள் அனுபவம்?

லாக்பார்வை:
டேபிள்டாப் பயிற்சி, அதாவது தாக்குதல் வந்தால் என்ன செய்வது என்று மேசையில் உட்கார்ந்து பார்க்கும் ஒத்திகை, எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். ரெட் டீம் (தாக்குபவராக நடிக்கும் எங்கள் குழு) ஒரே ஒரு மெயில் அனுப்பியது. அடியில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக, ஏஐக்குக் கட்டளையாக இரண்டு வரி. மெயிலைச் சுருக்கித் தரும் ஏஐ உதவியாளர் அதையும் படித்துவிட்டு, சுருக்கத்தின் கடைசியில் "கணக்கை இங்கே உறுதிசெய்யவும்" என்று ஒரு லிங்க்கை நீட்டியது. அதுகூடப் பரவாயில்லை. எங்கள் மேலாளர் பேனாவும் கையுமாக, "இந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் எப்போது வரும்?" என்றார். மாடல் குழுவிலிருந்து வந்தவர், "வராது" என்றார். கட்டளை எது, தகவல் எது என்று பிரிக்கும் சுவர் உள்ளே கிடையாதாம், எல்லாம் ஒரே டோக்கன் (சொல்துண்டு) வரிசையாம். மேலாளர் நோட்டில் "பேட்ச் தேதி:" என்று எழுதி முடித்திருந்தார். பேனா அந்தப் புள்ளியிலேயே நின்றது.

இரவுஷிப்ட்:
இதெல்லாம் பழசு. எனக்கு உறுத்துவது ஏஐ உருவாக்கும் போலிக் குரல். நிதிப் பிரிவுக்கு மேலதிகாரி குரலில் போன். பேச்சுக்கு நடுவே தொண்டையைச் செருமுவதுகூட அச்சு அசல் அவர்தான். பிடித்துக் கொடுத்தது எந்தக் கருவியும் இல்லை. பதிவில் உள்ள எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிட வேண்டும் என்ற பழைய விதி. ஹாங்காங்கில் 2024-ல் வெளிவந்த கதை நினைவிருக்கும்: டீப்ஃபேக் (ஏஐ உருவாக்கிய போலி) வீடியோ கூட்டத்தை நம்பி ஓர் ஊழியர் 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பினார்.

பழைய_அட்மின்:
@லாக்பார்வை, பேட்ச் வராது என்றால் கையை விரித்துவிடுவதா? ஓவாஸ்ப் என்ற மென்பொருள் பாதுகாப்பு அமைப்பின் ஏஐ ஆபத்துப் பட்டியலில், இப்படிக் கட்டளையைத் திணிக்கும் பிராம்ப்ட் இன்ஜெக்‌ஷன்தான் முதலிடம், உங்கள் மேலாளர் அதைப் படித்திருக்க வேண்டாமா? சுருக்கித் தரும் உதவியாளருக்கு வெளி லிங்க் போடும் உரிமை எதற்கு? எடுத்துவிடுங்கள். மெயில் அனுப்புவது, கோப்பை அழிப்பது எல்லாவற்றுக்கும் ஒரு மனிதர் ஒப்புதல் தரட்டும். மாடல் என்ன படித்தது, எந்தக் கருவியைக் கூப்பிட்டது என்பதும் லாகில் (பதிவேட்டில்) விழ வேண்டும். அப்புறம், நிபுணர் என்றால் செக்யூரிட்டி ஆள் மட்டும் என்று நினைக்காதீர்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற லினக்ஸ் கோப்புச் சுருக்க மென்பொருளில் ஒளித்துவைத்த பின்கதவைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் டெவலப்பர். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) லாகின் அரை நொடி தாமதமாவதைத் துருவிப் பார்த்தார், பொது மெயில் பட்டியலில் போட்டு உடைத்தார், லினக்ஸ் விநியோகக் குழுக்கள் உடனே பழைய பதிப்புக்குத் திரும்பின. என் கதையா? எங்கள் அவசரத் தொடர்புப் பட்டியலில் ஏஐ குழுவின் எண்ணே இல்லை. அவ்வளவுதான்.

லாக்பார்வை:
@பழைய_அட்மின், லிங்க் உரிமையை மறுநாளே எடுத்துவிட்டோம். "சுருக்கத்தில் லிங்க் வரவில்லை, சரிசெய்யவும்" என்று டிக்கெட் வந்தது. போட்டவர் அதே மேலாளர்.