ஜப்பானில் பி.ஆர்.: இரண்டு மாத நென்கின் (பென்ஷன்) தாமதமும் அதன் பிறகும்

நிஷி கசாய்வாசி:

2010 அக்டோபரில் டோக்கியோ வந்தேன். எய்ஜூகென், அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, நம் ஆட்கள் பி.ஆர். என்று சொல்வது, 2022 செப்டம்பரில் கைக்கு வந்தது. நடுவில் ஒரு முறை நிராகரித்துவிட்டார்கள். அதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். கிடைத்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள், கிடைக்காமல் போனவர்கள் வாயே திறப்பதில்லை, அதனால் அடுத்து விண்ணப்பிக்கிறவர் அதே பள்ளத்தில் போய் விழுகிறார்.

வழக்கமான வழியில் 10 வருடம் தொடர்ந்து ஜப்பானில் இருந்திருக்க வேண்டும், அதில் 5 வருடமாவது வேலை விசாவில். படிப்பு, சம்பளம், வயது எல்லாம் பார்த்துப் போடும் ஹை ஸ்கில்டு பாயின்ட் கணக்கில் 70 வந்தால் 3 வருடம் போதும், 80 வந்தால் ஒரே வருடம். எனக்கு 70 தேறவில்லை. சரி, பத்து வருடம் இருந்தே வாங்கிக்கொள்வோம் என்று இருந்துவிட்டேன்.

இதில் "தொடர்ந்து" என்ற வார்த்தைதான் முக்கியம். நான் வந்த ஐந்தாவது மாதம், 2011 மார்ச் 11, பெரிய நிலநடுக்கம். ஃபுகுஷிமா செய்தி வந்ததும் திருச்சியிலிருந்து அம்மா மணிக்கொரு தடவை போன் செய்து, கிளம்பி வா, கிளம்பி வா என்று அழுகிறார். அன்றைக்கு இருந்த விதிப்படி ரீ என்ட்ரி பெர்மிட் வாங்காமல் நாட்டை விட்டுப் போனால் விசா அதோடு முடிந்தது. (இப்போது விமான நிலையத்தில் ஒரு சீட்டில் டிக் அடித்தால் போகிறதே, அந்த வசதி 2012 ஜூலையில்தான் வந்தது.) ஷினகாவா இமிகிரேஷனில் கட்டடத்துக்கு வெளியே வரிசை நீண்டு கிடந்தது. கைக்குழந்தையோடு நின்றவர்கள், பெட்டியோடு நேரே விமான நிலையம் போகத் தயாராக வந்தவர்கள். எனக்கு முன்னால் நின்ற ஒருவர் பொறுக்க முடியாமல் வரிசையை விட்டு விலகி விமானம் ஏறிவிட்டார். அடுத்த வருடம் புது விசாவில் திரும்பி வந்தார், அவருடைய பத்து வருடக் கணக்கு அங்கிருந்து மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது. நான் நின்று முத்திரை வாங்கிக்கொண்டு மூன்று வாரம் ஊருக்குப் போய் வந்தேன். அந்த ஒரு நாள் நின்றதுதான் பிறகு என்னைக் காப்பாற்றியது.

2021 பிப்ரவரியில் விண்ணப்பம் கொடுத்தேன். எனக்கு, மனைவிக்கு, மகளுக்கு என்று மூவருக்கும் சேர்த்து. வரிச் சான்று ஐந்து வருடத்துக்கு, நென்கின் என்கிற பென்ஷன் கட்டியதற்கும் ஹெல்த் இன்சூரன்ஸ் கட்டியதற்கும் இரண்டு வருடத்துக்கு ஆதாரம், ஏன் பி.ஆர். வேண்டும் என்று ஜப்பானிய மொழியில் ஒரு கடிதம், ஒரு ஹோஷோனின், அதாவது நமக்காக உத்தரவாதக் கையெழுத்துப் போடுபவர். எல்லாம் இருந்தது. ஏஜென்ட் வைக்கவில்லை, லட்சம் யென்னுக்கு மேல் கேட்டார்கள்.

பதில் அக்டோபரில் வந்தது. இங்கே ஒரு பேச்சு உண்டு: தபால் அட்டை வந்தால் கிடைத்துவிட்டது, உறை வந்தால் இல்லை. எனக்கு வந்தது உறை. உள்ளே இருந்த தாளில் காரணம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, நிரந்தரமாகத் தங்குவது ஜப்பானின் நலனுக்கு ஏற்றதாகக் கருத முடியவில்லை என்ற அளவில் ஒரு சட்ட வாக்கியம். மனைவி அதை வாங்கிப் படித்துவிட்டு, நாம் என்ன கெடுதல் செய்தோம் என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேரில் போனால் காரணம் சொல்வார்கள். தயவுசெய்து போங்கள், பலர் கோபத்தில் போகாமல் விடுகிறார்கள். ஒரு சின்ன அறை, மேசையில் என்னுடைய ஃபைல். அதிகாரி நான் கொடுத்த நென்கின் ரசீதுகளின் நகலை எடுத்து வைத்து, மூலையில் இருந்த வட்ட முத்திரையைப் பென்சில் முனையால் காட்டினார். 2019 ஜூன் தேதி. பணம் மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் உரியது.

நடந்தது இதுதான். 2019 மார்ச் 15-ல் பழைய கம்பெனியை விட்டேன், புதுப் பேரரசர் பதவியேற்று ரெய்வா சகாப்தம் தொடங்கிய அதே மே 1-ல் புதுக் கம்பெனி. நடுவில் ஒன்றரை மாதம் ஊரில் இருந்தேன். கம்பெனியில் இல்லாத நாட்களுக்கு நாமே 14 நாளுக்குள் வார்டு ஆபீசுக்குப் போய் தேசிய பென்ஷனுக்கும் இன்சூரன்ஸுக்கும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. பணம் கட்டும் சீட்டு தபாலில் வந்த பிறகுதான் கொம்பினி என்கிற தெருமுனைக் கடையில் போய்க் கட்டினேன். 16,340-ம் 16,410-ம் சேர்த்து 32,750 யென். அந்தந்த மாதத்துக்கான பணத்தை அடுத்த மாதக் கடைசிக்குள் கட்டியிருக்க வேண்டும். கட்டியாகிவிட்டதே என்றேன். "கட்டியிருக்கிறீர்கள். கெடு தாண்டிக் கட்டியிருக்கிறீர்கள்" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்.

பார்ப்பது கடைசி இரண்டு வருடம். ஐந்து மாதம் பொறுத்து ஜூலையில் கொடுத்திருந்தால் அந்த ரசீதே கணக்குக்குள் வந்திருக்காது. அதனால் விண்ணப்பிக்கும் முன் நென்கின் நெட் என்ற இணையதளத்தில் பதிந்து மாதா மாதக் கணக்கைப் பாருங்கள். கட்டினோமா என்று மட்டும் பார்க்காதீர்கள், என்றைக்குக் கட்டினோம் என்று பாருங்கள். வேலை மாறியவர்கள் கட்டாயம் பாருங்கள்.

நவம்பரில் மறுபடி கொடுத்தேன். பரிசீலனை நடக்கும்போது வேலை, குடும்ப நிலை மாறினால் தெரிவிப்பேன் என்று கையெழுத்துப் போடும் ஒரு தாள் புதிதாகச் சேர்ந்திருந்தது. மற்றபடி அதே கட்டு. அடுத்த செப்டம்பரில் தபால் அட்டை வந்தது.

யோகோஹாமா தங்கை:

அண்ணா, எங்களுக்கு உறைகூட வரவில்லை, நாங்களே விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டோம். எனக்கு 80 பாயின்ட் இருந்தது, ஒரு வருட வழி. என் கணவர் டிபெண்டன்ட் விசாவில் வந்து ஒரு பெந்தோ (டப்பா சாப்பாடு) தொழிற்சாலையில் பகுதி நேரமாகப் போனார். வாரம் 28 மணி நேரம்தான் அனுமதி. ஆள் பற்றாக்குறை என்று கூடுதல் ஷிஃப்ட் கொடுத்தார்கள், இவரும் சரி என்று போய்விட்டார். அவருடைய வரிச் சான்றில் 18 லட்சம் யென் வருமானம். மணிக்கு 1,050 யென், 28 மணி நேரம், 52 வாரம், பெருக்கிப் பாருங்கள், 15 லட்சத்து சொச்சம்தான் வரும். இமிகிரேஷனிலிருந்து சம்பளச் சீட்டு கேட்டுக் கடிதம் வந்த அன்று ராத்திரிதான் நாங்கள் அதைப் பெருக்கியே பார்த்தோம். அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. உன் பேப்பரையும் நான் கெடுத்துவிட்டேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வேலையை அடுத்த நாளே விட்டுவிட்டார். குடும்பத்தோடு விண்ணப்பிக்கிறவர்கள் துணையின் மணிக்கணக்கையும் பாருங்கள்.

இனி மறுபடி கொடுக்க வேண்டும். ஹோஷோனின் கேட்கத்தான் தயக்கமாக இருக்கிறது. போன தடவை ஆபீஸில் நான் கேட்ட ஒருவர், கொஞ்சம் கஷ்டம் என்று தலையைச் சாய்த்தார், அதோடு அவரை விட்டுவிட்டேன். நீங்கள் எப்படிக் கேட்டீர்கள்?

நிஷி கசாய்வாசி:

எனக்கும் அதே தலைச் சாய்ப்பு கிடைத்தது. என் மேனேஜர், மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவர்மேல் தப்பில்லை. ஹோஷோனின் என்றாலே ஜப்பானியர்களுக்கு அடுத்தவர் கடனுக்குக் கையெழுத்துப் போட்டு வீட்டை இழந்தவர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். பி.ஆர். ஹோஷோனின் அது இல்லை. பணப் பொறுப்பைச் சட்டப்படி யாரும் அவர்மேல் சுமத்த முடியாது, தார்மீகப் பொறுப்பு மட்டும்தான். கேட்பதற்கு முன்னால் அதைச் சொல்லிவிடுங்கள், இமிகிரேஷன் தளத்திலேயே கேள்வி பதில் பகுதியில் இருக்கிறது, அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பி.ஆர். வாங்கிய நம் ஆட்களிடமும் கேட்கலாம், ஜப்பானியராகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. 2022 ஜூனிலிருந்து அவருடைய கையெழுத்தும் அடையாள அட்டை நகலும் போதும். என் காலத்தில் அவருடைய வருமானச் சான்றும் கொடுக்க வேண்டும். ஒருவரிடம் போய், உங்கள் வருமானத்தைக் காட்டுங்கள் என்று கேட்பதை நினைத்துப் பாருங்கள்.

நான் கடைசியில் கேட்டது எங்கள் ஓயாசானை, வீட்டு உரிமையாளர். எழுபதைத் தாண்டியவர், கீழ்த்தளத்தில் குடியிருக்கிறார். படிவத்தைக் கண்ணாடி போட்டு வரி வரியாகப் படித்தார். பிறகு உள்ளே போய் ஒரு பேங்க் பாஸ்புக் எடுத்து வந்தார். என் பெயரில் வாடகை ஏறிய வரிகளை விரலால் தொட்டுக்கொண்டே கீழே இறங்கினார், பக்கம் திருப்பினார், மறுபடி இறங்கினார். எல்லாம் 27-ம் தேதிக்குள். "உன்னை எனக்குத் தெரியும்" என்று சொல்லி ஹாங்கோ என்கிற பெயர் முத்திரையை மையில் தொட்டு அழுத்தினார்.

அப்படிப்பட்டவரிடம் நிராகரிப்பைச் சொல்லப் போனபோதுதான் எனக்குக் கால் வரவில்லை. நென்கின் தாமதம் என்று உள்ளதைச் சொன்னேன். வார்டு ஆபீசுக்குப் போக வேண்டும் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்று வருத்தப்பட்டார். மறுபடி சான்றுகள் எல்லாம் புதிதாக வாங்கித் தர வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். மறுபடி கொடுத்தால் போச்சு என்றார். மூன்றாம் நாள் எங்கள் வீட்டு மணியை அடித்து, ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, மேலே ஹாங்கோ வைத்த படிவத்தோடு கொடுத்துவிட்டுப் போனார்.

தபால் அட்டை வந்த அன்று 8,000 யென் வருவாய் முத்திரை வாங்கிக் கொடுத்துக் கார்டை எடுத்துக்கொண்டு, முதலில் அவர் கதவைத்தான் தட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இதில் ஏழு வருடம் என்று போட்டிருக்கிறதே என்று பதறினார். அது கார்டுக்குத்தான், எங்களுக்கு இல்லை என்று சொன்ன பிறகுதான் கார்டைத் திருப்பித் தந்தார்.