ஊசி கொடுத்தது சரியா? ஸ்காட் கவுண்டி பற்றி ஒரு விவாதம்

வைகைக்கரை:
அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஸ்காட் கவுண்டி இருக்கிறது. கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. அங்கே ஆஸ்டின் என்ற ஊரில் மொத்தமே நாலாயிரம் சொச்சம் பேர்தான். ஓபானா என்ற வலிமாத்திரையைப் போதைக்காகக் கரைத்து, ஒரே ஊசியைப் பலர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டதில் 2015இல் எச்.ஐ.வி. பரவியது. ஆண்டுக்கு ஐந்து பேருக்கும் குறைவாக வந்துகொண்டிருந்த தொற்று இருநூறு பேரைத் தாண்டியது. ஊசியைப் பகிராமல் இருக்க அவர்களுக்குப் புது ஊசி கொடுக்க, மாநில ஆளுநர் மைக் பென்ஸ் முதலில் சம்மதிக்கவில்லை. மார்ச் 26ஆம் தேதிதான் அவசரநிலை அறிவித்து அனுமதித்தார். சுகாதாரத் துறை அதுவரை காத்திருந்தது பெரிய தவறு என்பேன்.

கொங்குக்காரன்:
பென்ஸ் தயங்கியதில் தப்பே இல்லை. என் தம்பி டேபென்டடால் என்ற வலிமாத்திரையைப் போதைக்காகக் கரைத்து ஊசி போட்டவன். சித்திரை வெயிலில்கூட முழுக்கைச் சட்டையைக் கழற்ற மாட்டான். அம்மா துவைக்கும்போது சட்டைக் கையில் புள்ளி புள்ளியாக ரத்தக்கறை பார்த்தபிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. அவன் கையில் அரசாங்கமே ஊசியைக் கொடுப்பதை எந்த அம்மா தாங்குவாள்?

வைகைக்கரை:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது, அண்ணா. ஆனால் ஆஸ்டினில் ஊசியை மட்டும் கையில் திணித்து அனுப்பவில்லை. ஒரே இடத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை, தடுப்பூசி, காப்பீட்டுப் பதிவு, அடையாள அட்டைக்கான உதவி எல்லாம் கிடைத்தன. ஊசிக்காக வந்தவர்தான் சிகிச்சைக்கும் பெயர் கொடுத்தார். போலீசுக்குப் பயந்து ஒளிந்திருப்பவரை வேறு எப்படி வரவழைப்பது?

ஓஹையோ மருந்தாளுநர்:
அப்போது மாநிலச் சுகாதார ஆணையராக இருந்த ஜெரோம் ஆடம்ஸை இங்கே சொல்லியாக வேண்டும். அவருடைய தம்பியும் போதைக்கு அடிமையாகிச் சிறைக்குப் போனவர். ஆடம்ஸ் நேரில் போய் ஷெரிஃப் (கவுண்டி போலீஸ் தலைவர்), தேவாலயக்காரர்கள் என எல்லோரிடமும் பேசினார். பிறகு நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியாகி, 2018இல் நலோக்சோனைப் பொதுமக்களும் கையில் வைத்திருக்கச் சொன்னார். இந்த மாதிரி போதை மருந்து அளவு மீறி மயங்கிக் கிடப்பவரின் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே அது. நின்றுபோகும் மூச்சைத் திரும்பக் கொண்டுவரும். எங்கள் கடைக்கு அதை வாங்க வருகிறவர்களில் பெற்றோர்தான் அதிகம். குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள்.

கொங்குக்காரன்:
நலோக்சோன் சரி, உயிரைக் காப்பாற்றுகிறது. ஊசிக்கு என் மனம் ஒப்பவில்லை. அந்த கவுண்டி நிர்வாகிகளே 2021இல் ஓட்டுப் போட்டு அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டார்களே! அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?

வைகைக்கரை:
புதிய தொற்று வெகுவாகக் குறைந்தபிறகு நிறுத்தினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நோய் அடங்கியதும் மருந்து எதற்கு என்று கேட்பது போலத்தான் அது.

கொங்குக்காரன்:
தலைமையைக் குறை சொல்வதென்றால் முதலிலிருந்து சொல்லுங்கள். 1996இல் ஆக்ஸிகான்டின் என்ற, அடிமையாக்கும் வலிமாத்திரை வந்தது. அதை யார் தடுத்தார்கள்? போதையிலிருந்து மீட்கும் ப்யூப்ரெனார்ஃபினை எழுத 2022 கடைசிவரை மருத்துவர்கள் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அடிமையாக்கிய மாத்திரைக்கு அந்த அனுமதி தேவைப்படவில்லை. சிகிச்சைக் கதவைப் பூட்டி வைத்துவிட்டு ஊசிப் பெட்டியைத் திறந்தார்கள் என்பதுதான் என் கோபம்.

ஓஹையோ மருந்தாளுநர்:
அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தக் கதவு திறக்கும்வரை உங்கள் தம்பி உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா?