வடிகுழாயில் ஒளிர்ந்த பச்சைத் துளி: பழைய வண்டிகளின் ஏசி கசிவு, சிலர் புனைபெயரில் எழுதிய அனுபவங்கள்

இலைத்தூள்

என் காருக்குப் பதினைந்து வயது. மூன்று கோடைகள் தொடர்ந்து கேஸ் நிரப்பினேன். மூன்று முறையும் சில வாரங்களில் குளிர் குறைந்து, பிறகு கம்ப்ரஸரின் கிளட்ச் ஒட்டுவதே நின்றுபோயிற்று. இரண்டாம் முறை, கேஸின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரின் கீழ் மூலையில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறது என்று அதை மாற்றினோம். மூன்றாம் முறை, நிரப்புவதற்கு முன் உள்ளிருப்பதை உறிஞ்சி வேக்குவம் போட்டு முக்கால் மணி நேரம் வைத்திருந்தார்கள். கேஜின் முள் அசையவில்லை. கசிவே இல்லை என்றார்கள், நானும் நம்பினேன்.

அதுவும் தீர்ந்த பிறகு, கேஸோடு சாயம் ஏற்றிப் பத்து நாள் ஓட்டினேன். புற ஊதா விளக்கைப் பிடித்துக் கம்ப்ரஸர், குழாய் இணைப்புகள், புதிய கண்டென்சர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தும் எங்கும் ஒளி தென்படவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது. விளக்கை அணைக்கப் போகும் நேரத்தில், வண்டிக்கு அடியில் ஏசி தண்ணீர் வடியும் குழாயின் நுனியில் ஒரு துளி திரண்டு நிற்பதைக் கண்டேன். அது மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. டாஷ்போர்டு முழுவதையும் கழற்றிப் பார்த்தபோது, உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலின் அடிப்பகுதியில் மக்கிய இலைத்தூள் ஈரத்தோடு அப்பிக் கிடந்தது. அதற்குக் கீழே அலுமினியம் அரித்துப் போயிருந்தது. கழற்றிய அந்தக் கண்டென்சரில் குற்றம் ஏதாவது இருந்ததா என்ற கேள்விதான் என்னை இன்றும் விடவில்லை.

நுரைநீர்

முன்னவர் எழுதியதில் ஒன்றை மறுக்க வேண்டியிருக்கிறது. வேக்குவத்தின் முதன்மையான வேலை, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றுவது. கசிவு தேட அது போதாது. வேக்குவத்தில் வெளிக்காற்று உள்நோக்கி அழுத்துகிறது, அதுவும் ஏறத்தாழ 14.7 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) அளவுக்குத்தான். அந்தத் திசை அழுத்தத்தில் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகள் சில இன்னும் இறுக்கமாகவே பொருந்திக்கொள்ளும். ஆனால் 30 டிகிரி வெயிலில் சும்மா நிற்கும் வண்டியில்கூட ஆர்134ஏ கேஸ் 95 பிஎஸ்ஐக்கு மேல் வெளிநோக்கித் தள்ளுகிறது. ஏசி ஓடும்போது கூலிங் காயிலில் அழுத்தம் 30 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். நிறுத்திய சற்று நேரத்தில் உயர் அழுத்தப் பக்கமும் தாழ் அழுத்தப் பக்கமும் சமமாகி, அதே காயில் மூன்று மடங்கு அழுத்தத்தைத் தாங்க வேண்டியதாகிறது. அதனால்தான் காயிலில் கசிவு இருந்தால் நிறுத்தி வைத்த வண்டியிலேயே கேஸ் அதிகமாகப் போய்விடக்கூடும்.

என் அனுபவம் மிகச் சிறியது. நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நீரைத் தடவி, எல்லா இணைப்புகளையும் பார்த்தேன், நுரை வரவில்லை. கடைசியாக, கேஸ் நிரப்பும் வாயின் மூடியைத் திறந்து ஒரு சொட்டு விட்டேன். ஏறக்குறைய ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அதன் பிறகு ஒரே ஒரு குமிழ் மெல்ல, மிக மெல்ல வீங்கியது. உள்ளே இருந்த சிறு வால்வை மாற்றியதோடு கசிவு நின்றது.

எண்ணெய்க்கோடு

எட்டு மாதம் ஓட்டாமல் நிறுத்தியிருந்த வண்டி. பானெட்டைத் தூக்கியபோது, அதன் உட்புறத்தில் கம்ப்ரஸர் கிளட்சுக்கு நேர் மேலே ஒரு நேர்க்கோடாக எண்ணெய் தெறித்திருந்தது. கம்ப்ரஸரின் முன்பக்கச் சீல் காய்ந்து போயிருக்கிறது என்பதை அந்தக் கோடே சொல்லிவிட்டது.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குளிர்காலமானாலும் வாரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் ஏசியை ஓட விடுங்கள். கேஸோடு சுற்றும் எண்ணெய்தான் அந்தச் சீலை ஈரமாக வைத்திருக்கிறது. எந்த இணைப்பைக் கழற்றினாலும் பழைய ஓ-ரிங்கை மீண்டும் போடாதீர்கள். புதியதை ஏசி எண்ணெயில் நனைத்துப் பொருத்துங்கள். குழாய்கள் திறந்து கிடந்தால் டிரையரையும் மாற்றிவிடுங்கள், ஏனென்றால் அதற்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகள் வெளிக்காற்றிலேயே நிறைந்துவிடும். கசிவு காட்டும் மின்னணுக் கருவியை இணைப்புகளுக்குக் கீழே கொண்டு செல்லுங்கள். இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழேதான் இறங்கும். கூலிங் காயிலைச் சந்தேகித்தால், விசிறியை நிறுத்திக் கால் மணி நேரம் காத்திருந்து, வடிகுழாயின் வாயில் கருவியைக் காட்டுங்கள். ஆனால் அதன் முனைக்குள் தண்ணீர் போக விடாதீர்கள். அழுத்தம் ஏற்றிப் பார்க்க நைட்ரஜனைத் தவிர வேறெதையும் பயன்படுத்தாதீர்கள். சாதாரணக் காற்றில் ஈரம் இருக்கிறது. ஆக்சிஜனோ எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும்.

பழைய ஆர்12 வண்டி

ஓசோன் படலத்தைக் காக்க ஆர்12 போன்ற கேஸ்களைக் கட்டுப்படுத்திய 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கைக்கும் முந்தையது என் வண்டி. அதில் ஆர்12 கேஸ்தான் இருந்தது. அது கிடைக்காமல் போன பிறகு, குழாய்களையும் ஓ-ரிங்குகளையும் தொடாமல் ஆர்134ஏ நிரப்பச் சொன்னேன். பழைய ரப்பர் குழாயின் சுவர் வழியாகவே அது கசியக்கூடியது என்று அன்று எனக்குத் தெரியாது. பழைய மினரல் எண்ணெய் புதிய கேஸோடு கலப்பதில்லை, ஆகவே கம்ப்ரஸருக்குச் சரியாகத் திரும்புவதுமில்லை. ஒரு நாள் ஏசியைப் போட்டதும் பெல்ட் வீறிட்ட ஓசை இன்னும் காதிலேயே இருக்கிறது. கம்ப்ரஸர் இறுகிப் போயிருந்தது.

மீண்டும் வந்தவர்

கசிவை அடைக்கும் திரவத்தைப் பற்றி யாரும் எழுதாததால் எழுதுகிறேன். ஒரு சிறு டின்னை நானே ஏற்றினேன். பத்து நாள் நன்றாகக் குளிர்ந்தது, பிறகு ஏசி அடியோடு நின்றது. அந்தத் திரவம் ஈரமும் காற்றும் படும் இடத்தில் இறுகக்கூடியது. என் வண்டியிலோ உள்ளேயே ஈரம் இருந்ததால் கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வில் இறுகியிருந்தது. டின்னைக் காட்டியதும் மெக்கானிக் தன் இயந்திரத்தின் குழாயை என் வண்டியிலிருந்து எடுத்துவிட்டார். அவருடைய இயந்திரமும் அடைபட்டுவிடும் என்று அவர் சொன்ன பிறகு எனக்குப் பேச வாயில்லை.

இலைத்தூள்

நுரைநீர் அவர்களுக்கு நன்றி. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, கொட்டகையில் கிடந்த பழைய கண்டென்சரை எடுத்தேன். ஒரு வாயை அடைத்து, மறுவாயில் நைட்ரஜன் ஏற்றித் தண்ணீர்த் தொட்டியில் முழுவதும் அமிழ்த்தி, அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு குமிழ்கூட வரவில்லை.