ஏலம் வேண்டாம், டீச்சர் நிற்கட்டும்

சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற நம் டீச்சர், வரும் ஊராட்சித் தேர்தலில் தலைவர் பதவிக்கு நிற்கிறார். அதற்குச் சிங்கப்பூர் அண்ணன் எழுதிய பதிலைப் படித்தேன். போட்டியே வேண்டாம், ஊர் மந்தையில் கூடித் தலைவர் பதவியை ஏலம் விட்டு, எடுத்தவரை அன்னபோஸ்ட்டாக, அதாவது போட்டியில்லாமல் தலைவராக்கி முடிப்போம், பணம் கோயில் திருப்பணிக்கு ஆகும் என்கிறார். கோயில் மேல் அண்ணனுக்கு உள்ள அக்கறை எனக்குத் தெரியும். ஆனாலும் இதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

லட்சக்கணக்கில் ஏலம் எடுத்தவர் அதை எங்கே போய் எடுப்பார்? ரோட்டிலும் தெருவிளக்கிலும் கண்மாய் வேலையிலும்தான். பதவியை ஏலம் விடுவது குற்றம் என்று 2019 தேர்தலின்போதே மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரித்தது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் நமக்குத் தூரமில்லை. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தலைவர் பதவிக்கு 1996-லிருந்து அங்கே முறையாகத் தேர்தல் நடத்த முடியாமல், 2006-ல்தான் நடந்தது. ஊர்க்கட்டுப்பாடு என்ற பெயரில்தான் அத்தனையும் நடந்தது. ஊர் ஒற்றுமை என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த ஊர்கள்தான் ஞாபகம் வருகின்றன.

டீச்சரைப் பற்றி அம்மா போனில் சொன்னதை எழுதுகிறேன். அக்டோபர் மாதக் கிராம சபையில் தீர்மானப் புத்தகம் கைமாறி வந்திருக்கிறது. பக்கம் வெறுமையாக இருக்க, எல்லோரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "முதலில் எழுதுங்கள், சத்தமாகப் படியுங்கள், அப்புறம் போடுகிறேன்" என்றாராம். எழுதிப் படித்து முடிக்க முக்கால் மணி நேரம். பெண்கள் ஒருவரும் எழுந்து போகவில்லை. குடிநீர் டேங்கில் எழுதியிருக்கும் சுத்தம் செய்த தேதி மாறவே இல்லை என்று அன்றைக்குத்தான் ஒருத்தி எழுந்து கேட்டாள். டீச்சரிடம் மூன்றாம் வகுப்புப் படித்த பிள்ளை அவள்.

கிராம சபையால் என்ன ஆகும் என்று நினைக்க வேண்டாம். அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக 2024-ல் மேலூர்ப் பக்கத்துக் கிராம சபைகள் தீர்மானம் போட்டன. ஜனங்கள் மதுரைக்கே திரண்டு போய் நின்றார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அதை ரத்து செய்தது.

அதே ஜனவரியில் பழைய தலைவர்களின் காலமும் முடிந்து, ஊராட்சி அரசு நியமித்த தனி அலுவலர் கைக்குப் போனது. அதன் பிறகு கண்மாய் மடைக் கதவு பழுதுக்கு யாரிடம் சொல்வது என்றே ஊரில் தெரியவில்லை. சீமைக்கருவேலம் உபரித் தண்ணீர் வழியும் கலுங்கு வரை ஏறிவிட்டது.

சரி, நாம் செய்ய வேண்டியது இது. டீச்சர் தேர்தல் செலவுக்குப் பணம் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், யாரும் அனுப்ப வேண்டாம். தலைவர் பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. அவருக்குச் சுயேச்சைச் சின்னம்தான் வரும், அதை வீடு வீடாகச் சொல்ல ஆள் வேண்டும். ஓட்டுப் போட நான்கு சீட்டு கொடுப்பார்கள், இளஞ்சிவப்புச் சீட்டுதான் தலைவருக்கு என்று பெரியவர்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை லீவில் மேலத்தெருவுக்கு நான் பேசுகிறேன். கீழத்தெருவுக்குக் குவைத் மாமா பேசினால் நன்றாக இருக்கும்.

அண்ணே, திருப்பணிக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுங்கள். என் பங்கை இந்த மாதமே அனுப்புகிறேன்.

அன்புடன்,
மேலத்தெருவிலிருந்து உங்கள் தம்பி,
தோஹா