சினையான மீனைப் பழைய தொட்டியில் விடுவது: மீன் வளர்ப்பவர்கள் சிலரின் அனுபவப் பகிர்வு (நட்சத்திரக் குறிக்குப் பின் அடுத்தவர் பேசுகிறார்)

முட்டையிடாமல் குட்டி போடும் அலங்கார மீன்களான கப்பி, மாலி, பிளாட்டி, சுவார்டு டெயில் எதுவானாலும் சரி, வயிறு பெருத்த பெண் மீனைக் கடையில் பார்த்தால் கை தானாகப் பர்ஸுக்குப் போகும். ஒன்று வாங்கினால் முப்பது கிடைக்குமே! மூன்றாம் நாள் மீன் கவிழ்ந்துவிட்டால் கடைக்காரரைத் திட்டுவோம். பாதி நேரம் தப்பு அவர்மேல் இல்லை. வாங்கினவர்கள், "ரெண்டு வருஷமா ஓடுற டேங்க், உள்ள இருக்கிற மீனெல்லாம் ஜோரா இருக்கே" என்பார்கள். சிக்கலே அதில்தான்.

ஆவியான அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிற பழைய தொட்டியில் மீன் கழிவிலிருந்து வரும் நைட்ரேட் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே போகும். தண்ணீரில் உள்ள கார்பனேட், அதாவது கே.ஹெச், தீர்ந்துகொண்டே வரும். அது தீர்ந்தால் பி.ஹெச் (தண்ணீரின் அமில-கார அளவு) சரியும். உள்ளே இருப்பவை மாதக்கணக்கில் அதற்குப் பழகியவை. புதிதாக வருவதோ ஒரு மணி நேரத்தில் பழக வேண்டும், அதுவும் வயிற்றில் குட்டிகளோடு.

ஆகவே வேலை மீன் வாங்குவதற்கு ஒரு வாரம் முன்பே தொடங்குகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள், 25 சதவீதம் தண்ணீர், மூன்று முறை மாற்றுங்கள். சரளைக்கல்லில் பாதிப் பரப்பை மட்டும் சைஃபன் செய்தால் (குழாயால் அழுக்கை உறிஞ்சி எடுத்தால்) போதும். அதே வாரத்தில் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழுவாதீர்கள், கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா இரண்டு பக்கமும் அடிபடும். ஒரே நாளில் 80 சதவீதம் மாற்றுவது இன்னும் மோசம். பி.ஹெச் குறைந்த தொட்டியில் அம்மோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த அம்மோனியமாகத்தான் இருக்கும். பி.ஹெச் 7-லிருந்து 8-க்குத் தாவினால் அதிலுள்ள விஷ அம்மோனியாவின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும்.

பார்க்க வேண்டிய எண்கள்: அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 40 பி.பி.எம்.-க்குக் கீழே (20 என்றால் நிம்மதி), பி.ஹெச் 7.2 முதல் 8.2, கே.ஹெச் 4 டிகிரிக்கு மேல். கே.ஹெச் இறங்கியிருந்தால் நொறுக்கிய சிப்பி ஓடு அல்லது பவளத்துண்டு ஒரு கைப்பிடியை வலைப்பையில் கட்டி, தண்ணீர் ஓடும் இடத்தில் வையுங்கள். மெதுவாகத்தான் கரையும், அதுவே நல்லது. சோடா உப்பைக் கொட்டிக் குறுக்குவழி தேட வேண்டாம்.

*

மேலே சொன்னதோடு பையில் வரும் மீனைத் தண்ணீருக்குப் பழக்குவது பற்றி.

சென்னைக் கொளத்தூர் மாதிரி உள்ளூர்க் கடையில் வாங்கி ஒரு மணி நேரத்துக்குள் வீட்டுக்கு வந்துவிட்டால் சொட்டு முறைதான். விளக்கை அணையுங்கள். பையை 15-20 நிமிடம் தொட்டியில் மிதக்க விட்டால் வெப்பம் சமமாகும். பிறகு மீனைப் பைத்தண்ணீரோடு ஒரு சின்ன வாளியில் விட்டு, வாளியைச் சற்றுச் சாய்த்து வையுங்கள், மீன் முழுக நிற்கும். ஏர் டியூப்பில் ஒரு தளர்ந்த முடிச்சுப் போட்டு, தொட்டியிலிருந்து வாயால் உறிஞ்சி இறக்கி, நொடிக்கு 2-3 சொட்டு விழும்படி முடிச்சை இறுக்குங்கள். தண்ணீர் இரு மடங்கானதும் பாதியைக் கொட்டிவிட்டு, மறுபடி இரு மடங்காக விடுங்கள். 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். ஏ.சி. அறையில் செய்தால் வாளித் தண்ணீர் குளிர்ந்துவிடும், கவனம்.

பார்சலில் ராத்திரி முழுக்கப் பயணித்த மீனுக்கு இதே முறை எமன். மூடிய பைக்குள் மீன் விட்ட கரியமில வாயுவால் பி.ஹெச் இறங்கி, சேர்ந்த அம்மோனியா விஷம் குறைந்த வடிவில் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பி.ஹெச் ஏறும், அதே தண்ணீர் மீனின் செவுளைச் சுடும். அதற்கு வெப்பத்தை மட்டும் சமப்படுத்தி, பையைப் பிரித்த உடனே மீனை மாற்றிவிட வேண்டும். அப்படி மாற்றுவதென்றால் காத்திருக்கும் தண்ணீரின் பி.ஹெச்சும் கடினமும் அனுப்புகிறவருடைய தண்ணீருக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

எந்த முறையிலும் பைத்தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. கரடுமுரடான வலையில் சினை மீனை அள்ளுவதும் வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் கப்பில் மொண்டு, தண்ணீரை விரலிடுக்கில் வடித்துவிட்டு இறக்குங்கள்.

*

மாலி வாங்குபவர்களுக்கு மட்டும்: குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரில் தொட்டி ஓட்டுகிறவர்கள் மாலியை மறந்துவிடுங்கள். மென்னீரில் அது இருந்த இடத்திலேயே உடம்பை நெளித்துக்கொண்டு நிற்கும், முன்னே போகாது. அதை நோய் என்று நினைத்து நீல மருந்து (மெத்திலீன் ப்ளூ) ஊற்றுவார்கள். மருந்தால் ஃபில்டர் பாக்டீரியா சாகும், மாலியும் சாகும். அதற்கு வேண்டியது கடின நீர். சென்னையின் பல ஏரியா போர்வெல் தண்ணீர் மாலிக்கு வரப்பிரசாதம்.

கல்லுப்பு லிட்டருக்கு 1 கிராம் போடலாம். தனித் தொட்டியில் மாலிக்கு 2-3 கிராம்கூடத் தாங்கும். தொட்டியில் கோரி கேட்ஃபிஷ், லோச், செடிகள் இருந்தால் உப்பு வேண்டாம். உப்பு போட்டால் கே.ஹெச் ஏறும் என்பது தவறான நம்பிக்கை.

இன்னொன்று, பலூன் மாலி எப்போதும் சினைபோலத்தான் தெரியும். அதன் முதுகெலும்பு வளைவு அப்படி. கருப்பு மாலியில் ஆசனவாய்ப் பக்கம் சினையைக் காட்டும் கரும்புள்ளியும் தெரியாது.

*

எப்போது வாங்குவது என்று யாரும் சொல்லவில்லையே?

கப்பிக்குச் சினைக்காலம் 3-4 வாரம், பிளாட்டியும் சுவார்டு டெயிலும் சுமார் 4 வாரம், மாலிக்கு 5-லிருந்து 8 வாரம்கூட ஆகும். முன்பக்கமிருந்து பார்க்கும்போது வயிறு உருண்டையாக இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. வயிற்றின் அடி சதுரமாக இறங்கி, ஆசனவாய்ப் பக்கம் உள்ள புள்ளி பெரிதாகக் கறுத்திருந்தால் நாள் நெருங்கிவிட்டது. வெளிர் நிறக் கப்பியில் குட்டிகளின் கண்களே புள்ளி புள்ளியாகத் தெரியும். அந்த நிலையில் வாங்காதீர்கள். பயண அதிர்ச்சியில் குறைப்பிரசவமாகும்: மஞ்சள் கரு உள்ள பை வயிற்றில் தொங்க, அடியில் துள்ளித் துள்ளி விழும் குட்டிகள், பலது தேறாது. பாதிச் சினையில் இருக்கும் மீனையோ, குட்டி போட்டு முடித்த மீனையோ வாங்குங்கள். முடித்த மீனிலும் நஷ்டமில்லை. ஆணின் விந்தை மாதக்கணக்கில் சேமித்துவைத்து, ஆணே இல்லாமல் அடுத்தடுத்த ஈடு குட்டி போடும்.

செதில்கள் மேலிருந்து பார்க்கும்போது சிலிர்த்து நின்றால் அது சினையல்ல, நீர்க்கோவை என்ற வீக்க நோய்.

தொட்டியில் ஆண்கள் இருந்தால் புதுப்பெண்ணை நிம்மதியாக விடாது. ஒரு ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கு இல்லையென்றால் ஆண்களை ஒரு வாரம் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். விடுவதற்கு முன் கல், கட்டையை இடம் மாற்றி வைத்தால் பழைய மீன்களின் எல்லைச் சண்டை குறையும். துடுப்பைக் கடிக்கும் டைகர் பார்ப் மீன் உள்ள தொட்டியென்றால் யோசனையே வேண்டாம், விடாதீர்கள்.

அந்தப் பிளாஸ்டிக் பிரசவப் பெட்டியில் நாள்கணக்கில் அடைத்துவைப்பதுதான் குறைப்பிரசவத்துக்கு இன்னொரு காரணம். உள்ளே தண்ணீர் ஓட்டமும் இருக்காது. மிதக்கும் செடிகளான ஹார்ன்வோர்ட்டும் கப்பி கிராஸும் தொட்டியின் மூன்றில் ஒரு பங்கை அடைக்கிற அளவுக்குப் போட்டால் தாய்க்கும் மறைவு, குட்டிக்கும் மறைவு. பெட்டிதான் வேண்டுமென்றால், மீன் சாப்பாட்டை விட்டு ஒதுங்கி மூலையில் நிற்கத் தொடங்கிய பிறகு, அன்றைக்கு மட்டும்.

*

எல்லாம் சரி, ஆனால் நேராக மெயின் டேங்கில் விடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குட்டி போடும் மீன்களோடு வரும் பெரிய தலைவலி கமல்லானஸ் என்ற குடல் புழு. மீன் அசையாமல் நிற்கும்போது ஆசனவாயிலிருந்து சிவப்பு நூல் நுனி எட்டிப்பார்க்கும், நீந்தினால் உள்ளே போய்விடும். வாங்கின அன்று தெரியாது. தெரிய வரும்போது பழைய தொட்டி முழுக்கப் பரவியிருக்கும்.

25-30 லிட்டர் டப் போதும். பழைய தொட்டியில் மூன்று, நான்கு வாரம் ஓடிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு கத்தை ஜாவா மாஸ் பாசி, மேலே கொசுவலை (சுவார்டு டெயில் குதிக்கும்). நான்கு வாரம் அங்கேயே இருக்கட்டும். குட்டியும் அங்கேயே போடும்; பிரசவ அறையும் தனி அறையும் ஒன்றாகிவிடும். புழு தெரிந்தால் லெவாமிசோல் என்ற குடற்புழு மருந்து லிட்டருக்கு 2 மில்லிகிராம், 24 மணி நேரம், விளக்கில்லாமல். மருந்து புழுவைக் கொல்வதில்லை, முடக்கித் தள்ளுகிறது. விழுந்ததை மீன் மறுபடி தின்னாமல் அடியைச் சைஃபன் செய்து பாதித் தண்ணீருக்கு மேல் மாற்றுங்கள். இரண்டு, மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை.

குட்டி விழுந்ததும் தாயை எடுத்துவிடலாம், பசித்தால் தின்னும். நான்கு வாரம் முடியாவிட்டால் தாய்க்கு இன்னொரு டப். மெயின் டேங்குக்கு அவசரம் வேண்டாம். குட்டிகளுக்கு நாளைக்கு மூன்று, நான்கு வேளை, பொடித்த ஃபிளேக் தீவனமோ, முட்டையிலிருந்து பொரிந்த ஆர்ட்டீமியாவோ (உப்புநீரில் வாழும் மிகச் சிறிய இறால் வகை). ஆர்ட்டீமியா முட்டைக்கு லிட்டருக்கு 25 கிராம் உப்பு, 28 டிகிரி, ஏர் ஓடினால் ஒரு நாளில் பொரியும். வேகவைத்த மஞ்சள் கரு கொடுப்பவர்கள் உண்டு, மிஞ்சியது அந்தச் சின்ன டப்பை ஒரே இரவில் நாறடித்துவிடும். தினமும் 10-20 சதவீதம் தண்ணீர் மாற்றம்.

பெரிய தொட்டிக்குக் குட்டிகளை மாற்றும் முன் பவர் ஃபில்டர் உறிஞ்சும் வாயில் கரடுமுரடான ஸ்பாஞ்ச் மாட்டுங்கள், வாரம் ஒருமுறை அதைப் பிழிந்துவிடுங்கள். கப்பியில் ஒரு மாதம் தாண்டியதும் அடித்துடுப்பு நீண்டு குச்சியாகிறவை ஆண்கள். அன்றே பிரிக்காவிட்டால் அக்கா தங்கச்சி எல்லாம் சினையாகிவிடும். மிஞ்சும் குட்டிகளைக் கடைக்காரர் பெரும்பாலும் தீவனம் கொடுத்து, பதிலுக்கு வாங்கிக்கொள்வார், ஏரியிலும் குளத்திலும் விடாதீர்கள்.